மளிகை வாங்கப் போக ஏழாயிரம் பவுண்டு வண்டி எதுக்குங்க?

#1 கேட்டி_கதிர்

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஒரு கேள்வி. கூட வேலை பாக்கற நண்பர் ஒருத்தர். மனைவி, ஒரே பொண்ணு, வாரத்துல மூணு நாள் ஆபீஸ். அடுத்த வண்டி ஃபோர்டு எஃப்-250ன்னு முடிவு பண்ணிட்டார். டீசல், நாலு கதவு க்ரூ கேப், அதுக்கு மேல வண்டியை இன்னும் உசத்தற லிஃப்ட் கிட் வேற. "எதை இழுக்கப் போறீங்க?"ன்னு கேட்டேன். "இழுக்கறதுக்கு இல்லப்பா, ரோட்ல ஒரு கெத்து வேணும்ல" என்றார்.

அந்தக் கெத்தோட நீளம் 250 அங்குலம், கிட்டத்தட்ட 21 அடி. எங்க சப்டிவிஷன்ல கராஜோட ஆழமே 20 அடிதான். அதனால தெருவுல ஒரு பெரிய ட்ரக்கும் உள்ள போறதில்ல. ட்ரைவ்வேயில நிக்குது, வால் சைட்வாக் மேல நீட்டிக்கிட்டு. ஊர்லேர்ந்து வந்திருக்கற அம்மா சாயங்காலம் நடக்கப் போனா வீட்டுக்கு வீடு ரோட்டுல இறங்கி ஏறணும். "இந்த ஊர்ல எல்லாருமே செங்கல் லோடு அடிக்கறாங்களாடா?"ன்னு கேக்கறாங்க.

லோடும் அடிக்கல. ஸ்ட்ராடஜிக் விஷன்னு ஒரு ஆய்வு நிறுவனம் எஃப்-150 ஓனர்களைக் கேட்டதுல, 63 சதவீதம் பேர் ட்ரெய்லர் இழுக்கறது அபூர்வம், இல்லன்னா இழுக்கறதே இல்ல. அடிக்கடி இழுக்கறவங்க 7 சதவீதம். கடை கண்ணிக்கு அடிக்கடி எடுத்துட்டுப் போறவங்க 87 சதவீதம். புது ஃபுல் சைஸ் ட்ரக்கோட சராசரி விலை 60,000 டாலரைத் தாண்டியாச்சு. அதை 84 மாசத் தவணையில கட்டற ஆளுங்களும் இருக்காங்க.

வேலைக்கு ட்ரக் வெச்சிருக்கறவங்களை நான் ஒண்ணும் சொல்லல. காஸ்ட்கோவுக்குப் போக இது எதுக்கு, அதான் கேள்வி.

#2 ட்ரெய்லர்_துரை

கதிர் தம்பி, உங்க வீட்டுல கெஸ்ட் ரூம் இருக்கா? வருஷத்துல எத்தனை நாள் அதுல ஆள் படுக்கறாங்க? அம்மா ஆறு மாசம் இருந்துட்டு ஊருக்குப் போனா மீதி நாள் இஸ்திரி பெட்டியும் பழைய சூட்கேஸும்தான் அங்க குடியிருக்கும். அதுக்காக ரெண்டு பெட்ரூம் வீடு வாங்கிட்டு அம்மா வரும்போது ஓட்டல்ல தங்க வைக்கறீங்களா? வண்டியும் அப்படித்தான். தினம் செய்யறதுக்காக மட்டும் யாரும் வாங்கறதில்ல. வருஷத்துல சில நாள் செய்யறதுக்கும் சேத்துத்தான் வாங்கறோம்.

என்கிட்ட எஃப்-150 பிளாட்டினம் இருக்கு, 28 அடி ட்ராவல் ட்ரெய்லர் இருக்கு. ஸ்கூல் லீவு விட்டா கார்னர் ஸ்டேட் பார்க், ஃப்ரியோ ஆத்துல பசங்களோட கெடப்போம். மூணு பசங்க, மூணு கார் சீட். உங்க கேம்ரி பின் சீட்டுல மூணு கார் சீட்டை வரிசையா மாட்டி, நடுவுல இருக்கறவனுக்கு பெல்ட் போட்டுக் காட்டுங்க பாப்போம். விரல் நசுங்கிடும். ட்ரக்ல மூணும் தாராளமா உக்காரும், நடுவுல சண்டையும் வராது.

அப்புறம் ஐ-10 ஹைவேயில ரெண்டு பக்கமும் பதினெட்டு சக்கர லாரி போறப்போ என் குடும்பம் எதுல இருக்கணும்ங்கறதை நான் முடிவு பண்ணிக்கறேன். என் காசு, என் டீசல்.

#3 சுகர்லேண்ட்_செல்வி

துரை அண்ணா, உங்க குடும்பம் உள்ள இருக்கறப்போ வெளிய யார் இருக்கான்னு ஒரு வார்த்தைகூட எழுதலையே.

என் உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். ஸ்கூல் வாசல்ல டிராப்-ஆஃப் வரிசையில எஃப்-250 முன்னாடி நின்னா அதோட ஹூட் (பானெட்) என் கழுத்துக்கு வருது. மிகையா சொல்லல, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அளந்து போட்டிருக்காங்க: தரையிலேர்ந்து 55 அங்குலம். என் பையன் ரெண்டாங்கிளாஸ், ஹூட் விளிம்புக்கும் கீழதான் அவன் தலை. முன்னாடி அவன் ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா ட்ரைவருக்கு அங்க ஒண்ணுமே இல்ல, காத்துதான்.

ஐ.ஐ.எச்.எஸ் (இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேந்து நடத்தற சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம்) 2023 நவம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டது. ஹூட் 40 அங்குலத்துக்கு மேல இருக்கற வண்டி மோதினா, தாழ்ந்து சரிஞ்ச மூக்கு உள்ள வண்டியைவிட நடந்து போறவர் சாகற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். காரணம் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. கார் மோதினா கால்ல அடிபட்டு ஆள் ஹூட் மேல விழுவார். கால் உடையும், பிழைக்க வழி இருக்கு. சுவர் மாதிரி நிக்கற மூக்கு நெஞ்சிலயும் தலையிலயும் நேரா அடிக்குது, ஆள் முன்னாடி தரையில விழறார், வண்டி மேல ஏறுது. குழந்தைன்னா முதல் அடியே தலையில.

2009ல அமெரிக்காவுல நடந்து போய் அடிபட்டு இறந்தவங்க சுமார் 4,100 பேர். 2022ல 7,500க்கு மேல. நம்ம அம்மா அப்பா எல்லாம் இங்க வந்தா நடந்துதானே போறாங்க? அவங்களுக்கு ஓட்டவும் தெரியாது, பஸ்ஸும் கிடையாது.

#4 ட்ரெய்லர்_துரை

செல்வி, 2009ல யார் கையில ஸ்மார்ட்ஃபோன் இருந்தது? இப்போ ஓட்டறவன் கையிலயும் இருக்கு, கடக்கறவன் கையிலயும் இருக்கு. ஆறு லேன் ரோட்ல அரை மைலுக்கு ஒரு கிராசிங் வெச்சுட்டு, வெளிச்சமும் போடாம, பழியை மட்டும் ட்ரக் மேல போட்டா எப்படி? என் வண்டியில முன் கேமரா இருக்கு, ஆள் குறுக்க வந்தா தானா பிரேக் போடும். உங்க 2012 கரோலாவுல இருக்கா?

#5 சுகர்லேண்ட்_செல்வி

என்கிட்ட கரோலாவே இல்ல அண்ணா, அது உங்க கற்பனை.

தானா பிரேக் போடற சமாச்சாரத்தையும் அதே ஐ.ஐ.எச்.எஸ் 2022ல ஆராய்ஞ்சாங்க. மொத்தத்துல நடந்து போறவங்க மேல மோதறது 27 சதவீதம் குறையுது, நல்ல விஷயம். ஆனா தெருவிளக்கு இல்லாத இருட்டுல வித்தியாசமே தெரியல. சாவு அதிகம் நடக்கறது ராத்திரியிலதான். ரோடு மோசம், ஃபோன் மோசம், எல்லாம் சரி. மோசமான ரோட்டுல போற வண்டியோட மூக்கையும் ஏன் உசத்தணும்? அதைத்தான் கேக்கறேன்.

#6 எண்ணெய்வயல்_முருகு

மேற்கு டெக்சஸ் எண்ணெய்வயல் பக்கம் மிட்லண்ட்லேர்ந்து எழுதறேன். இதுவரைக்கும் படிச்சதுல ஒருத்தர் காஸ்ட்கோ, இன்னொருத்தர் பிக்னிக். ட்ரக் எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியல, கோச்சுக்காதீங்க.

எங்க யார்டுல ராம் 3500 நிக்குது, ட்ரேட்ஸ்மேன் டிரிம். வினைல் சீட், தரையில கார்ப்பெட் கிடையாது, ஷிஃப்ட் முடிஞ்சா ஹோஸ் பைப்பை உள்ள விட்டுக் கழுவுவோம். எட்டடி பெட் (பின்னாடி சரக்கு ஏத்தற திறந்த தொட்டி). பெட் நடுவுல மாட்டற கூஸ்நெக் ட்ரெய்லர்ல பைப் ஏத்திக்கிட்டு கலீச்சி (சுண்ணாம்பு மண்) ரோட்ல போகும். மழை பேஞ்சா அந்த ரோடு சோப்பு. அங்க ஃபோர் வீல் ட்ரைவ் இல்லாம ஒண்ணும் நகராது. இந்த வண்டியை எடுத்துட்டா இந்த பெர்மியன் வட்டாரத்துல ஒரு எண்ணெய்க் கிணறும் ஓடாது. அதனால "ட்ரக்கே வேஸ்ட்"னு எழுதறவங்க கொஞ்சம் நிதானமா எழுதணும்.

ஆனா துரை சார், பிளாட்டினம்ங்கற விலை கூடின டிரிம் ட்ரக் இல்ல. அது ட்ரக் வேஷம் போட்ட சொகுசு காரு. ஆரம்ப காலத்து ஃபோர்டு எஃப்-சீரிஸ்ல (எஃப்-150, எஃப்-250 எல்லாம் இந்த வரிசைதான்) நீளத்துல 64 சதவீதம் பெட், 36 சதவீதம் கேபின். 2021 மாடல்ல அப்படியே தலைகீழ்: கேபின் 63, பெட் 37. வண்டி வளந்தது, சரக்கு வெக்கற இடம் வளரல. உங்க பெட் அஞ்சரை அடிதானே? நாலுக்கு எட்டு பிளைவுட் வெச்சா டெயில்கேட் மூடாது.

ட்ரைவர் கதவைத் திறந்தா பக்கத்துத் தூண்ல (பி-பில்லர்) ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சரக்கும் சேத்து இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு எழுதியிருக்கும். அதைப் படிச்சிட்டு இங்க போடுங்க. அப்புறம் பேசுவோம்.

#7 பவர்பூஸ்ட்_பாலா

2021 பிப்ரவரி, யூரி புயல். டெக்சஸ் கிரிட் விழுந்து நாள் கணக்கா கரண்ட் இல்ல, வெளிய உறைபனி. எங்கிட்ட எஃப்-150 ஹைப்ரிட், பெட்ல 7.2 கிலோவாட் ஜெனரேட்டர் கம்பெனியே வெச்சுக் கொடுத்தது. எங்க வீட்டு ஹீட்டர் ஃபேன், பக்கத்து வீட்டுப் பாட்டியோட ஆக்சிஜன் மெஷின், எதிர் வீட்டு ஃப்ரிட்ஜ் எல்லாம் அதுல ஓடிச்சு. ஃபோர்டே டீலர்களைக் கூப்பிட்டு "ஸ்டாக்ல இருக்கற ஹைப்ரிட் ட்ரக்கை ஜனங்களுக்கு இரவல் கொடுங்க"ன்னு சொன்னாங்க. 2024ல பெரில் சூறாவளி வந்தப்பவும் இதே கதை. ஹார்வி சூறாவளி வெள்ளத்துல தண்ணிக்குள்ள போய் ஆளுங்களைத் தூக்கிட்டு வந்தது யாரு, பிரியஸா?

அன்னைக்கு எங்க தெருவுல ஒருத்தரும் "இது எதுக்குங்க"ன்னு கேக்கல. எக்ஸ்டென்ஷன் கார்டு இருக்கான்னுதான் கேட்டாங்க.

#8 கேட்டி_கதிர்

பாலா, பாட்டி விஷயம் நிஜமாவே பெரிய உதவி. அதுல எனக்குப் பேச்சில்ல. ஆனா அதே வாட்ஸ் கொடுக்கற போர்ட்டபிள் ஜெனரேட்டர் ஆயிரம் டாலருக்குக் கிடைக்குது, கராஜ் மூலையில நிக்கும், சைட்வாக்கை மறைக்காது. வெள்ளத்தைப் பத்தி: ஓடற தண்ணி ரெண்டடி இருந்தா பிக்கப்பையும் அடிச்சிட்டுப் போகும்னு தேசிய வானிலைச் சேவையே சொல்லுது. உயரமான வண்டி இருக்குன்னு இறங்கி மாட்டிக்கிட்டவங்களைத் தேடவும் இன்னொரு வண்டி போக வேண்டியிருக்கு.

முருகு சார் பிளைவுட்னு சொன்னதால ஒண்ணு. நாலுக்கு எட்டு பிளைவுட் ஹோண்டா ஒடிசியில நடு சீட்டைக் கழட்டினா படுக்க வெச்சுக் கதவைச் சாத்தலாம். மழையிலயும் நனையாது. மினிவேன் ஓட்டினா கெத்து போயிடும், அதான் பிரச்சனை.

இதையும் பாருங்க. ராம் 1500 டி.ஆர்.எக்ஸ்னு 2024 வரைக்கும் ஒரு வண்டி வந்தது, 702 குதிரைசக்தி. அது தாங்கற எடை 1,310 பவுண்டு, 594 கிலோ. நம்ம ஊர் குட்டி யானை, டாடா ஏஸ், 2005ல வந்தப்போ அதோட இன்ஜின் 702 சிசி, 16 குதிரைசக்தி. தாங்கற எடை 750 கிலோ! குட்டி யானை ஐ-10ல எழுபது மைல்ல போகாது, இடிச்சா அப்பளம், எல்லாம் தெரியும். நான் சொல்றது வேற. இந்த 702 குதிரையும் எதைச் சுமக்குது? தன்னைத்தானே.

#9 ஸ்கார்பரோ_நேசன்

வணக்கம், நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்சயும் இதே கதைதான். கன வருஷமா இஞ்ச ஆகக்கூட விக்கிறதும் எஃப்-சீரிஸ்தான்.

பனிக்கு ட்ரக் வேணும் எண்டு சனம் சொல்லும். நாலு சில்லும் இழுத்தா வெளிக்கிட உதவும், பிரேக் பிடிக்க உதவாது. ஐஸில பாரமான வாகனமும் லேசில நிக்காது. 401 ஹைவேயில பள்ளத்துக்குள்ள மூக்குக் குத்திக் கிடக்கிற ட்ரக்குகளை ஒவ்வொரு விண்டரும் பாக்கிறன். நல்ல விண்டர் டயர் போட்ட சின்னக் காரில நான் போய் வாறன்.

நான் செய்யிறது பெயின்ட் வேலை. எனக்கு வான்தான். தரை பதிவு, இருபது லிட்டர் வாளியை இடுப்பு முறியாமல் உள்ள தள்ளலாம். பூட்டினால் சாமான் பத்திரம். ட்ரக் பெட்டில திறந்து கிடந்தா காலமை எழும்ப ஏணி இருக்காது. துரை அண்ணை, உங்கட ட்ரக்கின்ர பக்கத்தில நிண்டு பெட்டுக்குள்ள கையை விட்டு ஒரு சுத்தியலை எடுங்கோ பாப்பம். என்ர உயரத்துக்கு எட்டாது. அதுக்குத்தான் இப்ப டெயில்கேட்டுக்குள்ள படி வச்சு விக்கிறாங்கள். ஏறேலாத அளவுக்கு உயத்திப்போட்டு, ஏணிக்கும் காசு!

#10 கணக்கன்_ஆஸ்டின்

எல்லாரும் ஓனரைத் திட்டறீங்க, ஓனர் உங்களைத் திட்டறார். வண்டி ஏன் இந்த சைஸுக்கு வந்ததுன்னு யாருமே கேக்கல. நான் வரி பாக்கற ஆள், காகிதத்துல என்ன இருக்குன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல கோழி. அறுபதுகளின் தொடக்கத்துல ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டது. பதிலடியா 1963 கடைசியில அதிபர் ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ட்ரக் நாலுக்கும் 25 சதவீத வரி விதிச்சார். மத்த மூணும் காணாமப் போச்சு. ட்ரக் வரி அறுபது வருஷம் தாண்டியும் நிக்குது. சாதா காருக்கு 2025 தொடக்கம் வரைக்கும் இருந்த வரி 2.5 சதவீதம்தான். அதனால வெளியூர்லேர்ந்து சின்ன, சல்லிசான ட்ரக் இங்க வர முடியல. டொயோட்டா 2023ல தாய்லாந்துல ஹைலக்ஸ் சாம்ப் விட்டாங்க, 459,000 பாட்லேர்ந்து, அதாவது சுமார் 13,000 டாலர். இங்க அதைக் கண்ணால பாக்க முடியாது. இந்த வரியில ஃபோர்டே மாட்டிக்கிச்சு. துருக்கியில செஞ்ச ட்ரான்சிட் கனெக்ட் வேனைப் பின் சீட்டோட பயணிகள் வண்டின்னு இறக்கி, கஸ்டம்ஸ் தாண்டினதும் சீட்டைப் பிடுங்கிட்டு சரக்கு வேனா வித்தாங்க. 2024ல 365 மில்லியன் டாலர் கட்டி வழக்கை முடிச்சுக்கிட்டாங்க. நேசன் சார், உங்க வான் இந்தப் பக்கம் சுலபமாக் கிடைக்காததுக்கு இதுவும் காரணம்.

ரெண்டாவது மைலேஜ் சட்டம். எண்ணெய்த் தடைக்கு அப்புறம் 1975ல போட்டது. காருக்கு ஒரு அளவு, ட்ரக்குக்கு அதைவிடத் தளர்வா ஒரு அளவு. போதாக்குறைக்கு 2011 மாடல்லேர்ந்து வண்டி தரையில அடைக்கற பரப்பை வெச்சு இலக்கு நிர்ணயிச்சாங்க. சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற நீளமும் அகலமும் கூடக்கூட, காட்ட வேண்டிய மைலேஜ் குறையும். கம்பெனிக்காரன் முட்டாளா? சின்ன ட்ரக் செஞ்சு கஷ்டமான இலக்கைத் துரத்தறதைவிட, வண்டியை நீட்டி அகட்டி சுலபமான இலக்குக்குப் போறது லாபம். பழைய சின்ன ரேஞ்சர் 2011ல நின்னு போச்சு. 2019ல திரும்பி வந்தப்போ பெருத்துப் போய் வந்தது. மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டு தாண்டின எஃப்-250, ராம் 2500 ரகத்துக்கு ஜன்னல்ல மைலேஜ் ஸ்டிக்கர்கூட ஒட்ட வேண்டாம். கதிரோட நண்பர் காலன்ல எத்தனை மைல்னு கேட்டாரான்னு விசாரிங்க. ஷோரூம்ல எழுதி வெக்க மாட்டான். 2025 ஜூலையில வந்த சட்டம் மைலேஜ் இலக்கு தவறினா கட்டற அபராதத்தையே பூஜ்யமாக்கிடுச்சு. இனிமே அந்தக் கடிவாளமும் இல்ல.

மூணாவதுதான் என் பிழைப்பு. தொழிலுக்குப் பாதிக்கு மேல ஓட்டற வண்டி, மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டைத் தாண்டினா, சாதா காருக்கு இருக்கற தேய்மான வரம்பு (வண்டி விலையில வருஷத்துக்கு இவ்வளவுதான் வருமானத்துலேர்ந்து கழிக்கலாம்ங்கற வரம்பு) அதுக்கில்ல. எஸ்.யு.விக்கு வருமான வரிச் சட்டம் செக்‌ஷன் 179ல ஒரு உச்சவரம்பு உண்டு, சுமார் 30,000 டாலர். பெட் ஆறடி இருக்கற பிக்கப்புக்கு அதுவும் கிடையாது. இப்போ போனஸ் தேய்மானம், அதாவது முதல் வருஷமே கழிச்சுக்கறது, மறுபடியும் நூறு சதவீதம். டிசம்பர் கடைசி வாரம் என் ஃபோன் ஓயாது. "சார், ஆறாயிரம் பவுண்டுக்கு மேல எந்த வண்டி?"ன்னு பல் டாக்டரும் ரியல் எஸ்டேட்காரரும் கேப்பாங்க. எதை ஏத்தப் போறோம்ங்கறது அந்தப் பேச்சுல வரவே வராது.

#11 ட்ரெய்லர்_துரை

கணக்கன் சார், படிக்க சுவாரசியமா இருந்தது. ஆனா ஜனங்களுக்குப் பிடிக்காததைச் சட்டத்தால விக்க முடியாது. எஃப்-சீரிஸ் 1977லேர்ந்து நாட்டுலயே அதிகம் விக்கற ட்ரக். நீங்க சொல்ற மைலேஜ் பரப்புக் கணக்கு வந்தது 2011. அதுக்கு முன்னாடி வாங்கினவங்க எல்லாரும் பல் டாக்டரா?

#12 கணக்கன்_ஆஸ்டின்

1977ல வாங்கினவர் இப்போ இருக்கற சைஸை வாங்கல துரை சார். ஐ.ஐ.எச்.எஸ் கணக்குப்படி முப்பது வருஷத்துல இங்க சராசரி வண்டி 4 அங்குலம் அகலம், 10 அங்குலம் நீளம், 8 அங்குலம் உயரம், ஆயிரம் பவுண்டு எடை கூடியிருக்கு. சின்னது கேக்க ஆளில்லன்னா, 2021ல ஃபோர்டு மேவரிக்கை 20,000 டாலருக்குள்ள அறிவிச்சப்போ என்ன ஆச்சு? நகரத்துல காலனுக்கு 42 மைல் கொடுக்கற ஹைப்ரிட், நாலரை அடி பெட். 2022 ஜனவரியிலயே "போதும், இனி ஆர்டர் வாங்க முடியாது"ன்னு புத்தகத்தை மூடினாங்க. அப்புறம் விலையை ஏத்திட்டாங்க, அது தனிக் கதை.

#13 பவர்பூஸ்ட்_பாலா

எலக்ட்ரிக் ஆளுங்களையும் கொஞ்சம் கேளுங்க. ஹம்மர் ஈ.வி 9,000 பவுண்டு. பச்சை பேசறவங்க அதைப் பத்தி வாயே திறக்கறதில்ல.

#14 கேட்டி_கதிர்

திறக்கறேன். அதோட பேட்டரி மட்டும் 2,900 பவுண்டு, ஒரு ஹோண்டா சிவிக் எடை. போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி 2023லயே இதைச் சொல்லி எச்சரிச்சார். புகை வரலைங்கறதுக்காக இடிச்சா வலிக்காதா?

அகலத்துல ஒரு வேடிக்கை. எஃப்-150 அகலம் 79.9 அங்குலம். ஏன் 80 இல்ல? 80 ஆச்சுன்னா லாரிக்கு மாதிரி அடையாள விளக்கு வெக்கணும்னு கூட்டாட்சி விதி. அந்த விதிக்கு ஒரு மயிரிழை உள்ள நிறுத்தியிருக்காங்க. எஃப்-150லயே ராப்டர்ங்கற மாடல் தாண்டிடுச்சு. அதனாலதான் அதோட கிரில்ல மூணு மஞ்சள் விளக்கு. இப்போ அந்த விளக்கு ஃபேஷனாயிடுச்சு, தேவையே இல்லாத வண்டிக்காரங்க ஆன்லைன்ல வாங்கி ஒட்டிக்கறாங்க. எங்க தெருவுல ஒருத்தர் ஹைலேண்டர்ல ஒட்டியிருக்கார்.

#15 எண்ணெய்வயல்_முருகு

துரை சார், ஸ்டிக்கர்?

#16 ட்ரெய்லர்_துரை

போட்டாச்சு சார், பொறுமை. 1,480 பவுண்டு. தாராளமா இருக்கு. டவ் ரேட்டிங் (இழுக்கற வரம்பு) பத்தாயிரத்துக்கு மேல, என் ட்ரெய்லர் ஃபுல் லோடுல 7,200. முக்கால் பங்குகூட வராது, அவ்வளவுதான். பசங்க, கூலர், நாய் எல்லாம் சேந்துகூட ஒண்ணும் ஆகாது.

#17 எண்ணெய்வயல்_முருகு

அங்கதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடறாங்க. இழுக்கற எடை வேற, சுமக்கற எடை வேற. பிரோஷர்ல பெரிய எழுத்துல போடறது இழுக்கறது. வண்டி திணறறது சுமக்கறதுல.

ட்ராவல் ட்ரெய்லரோட எடையில 10லேர்ந்து 15 சதவீதம் ஹிட்ச் பால் மேல (ட்ரக்கோட வால்ல ட்ரெய்லரை மாட்டற குண்டு) உக்காரும். அது உங்க ட்ரக் சுமக்கற எடை. 7,200ல 13 சதவீதம்னா 936. எடையைப் பரப்பிவிடற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இரும்பு ஒரு 90. நீங்க, வீட்டம்மா, மூணு பசங்க, கார் சீட்டு எல்லாம் சேத்து 650ன்னு வெப்போம். கூலர், சைக்கிள், விறகு, நாய் 150. கூட்டினா 1,826. ஸ்டிக்கர் 1,480. ஐ-10ல 346 பவுண்டு அதிகமா ஏத்திக்கிட்டுப் போறீங்க. பின் ஆக்சிள் அமுங்கும், முன் சக்கரம் லேசாகும், ஒரு பெரிய லாரி காத்தடிச்சுக் கடந்தா ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இதே எஃப்-150 எக்ஸ்.எல் டிரிம்ல, சின்ன கேபின்ல வாங்கினா சுமக்கற எடை பல நூறு பவுண்டு கூடக் கிடைக்கும். உங்க மசாஜ் சீட்டு, பனோரமிக் கண்ணாடி, இருபது இன்ச் ரிம், தானா இறங்கற படி எல்லாம் அந்த 1,480லேர்ந்துதான் கழிஞ்சிருக்கு. இருபதாயிரம் டாலர் கூடக் கொடுத்து வேலை செய்யற சக்தியைக் குறைச்சு வாங்கியிருக்கீங்க. நான் ட்ரக் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல. ட்ரக்னா ட்ரக்கா இருக்கட்டும்கறேன்.

#18 ட்ரெய்லர்_துரை

அப்போ உங்க கணக்குப்படி எனக்கு எஃப்-250 வேணும். கதிர் ஆரம்பிச்ச திரியோட முடிவு இதுதானா? நல்லா இருக்கு.

#19 சுகர்லேண்ட்_செல்வி

இல்லன்னா 4,500 பவுண்டு ட்ரெய்லர் வேணும் அண்ணா. ஏன் எப்பவும் வண்டியையே பெருசாக்கணும்?

#20 ட்ரெய்லர்_துரை

மூணு பசங்க, ரெண்டு பங்க், ஒரு பாத்ரூம். 4,500ல அது வராது, தேடிப் பாத்தாச்சு. வாடகைக்கு எடுங்கன்னு அடுத்து யாரோ சொல்லப் போறீங்க. வாடகை ட்ரக்ல நிறைய இடத்துல ட்ரெய்லர் இழுக்கவே விட மாட்டான், அக்ரிமெண்ட்டைப் படிங்க.

#21 ஸ்கார்பரோ_நேசன்

அது உண்மைதான். ட்ரெய்லர் இழுக்கிறவைக்கு வாடகை சரிவராது. ஆனா வருஷத்தில ஒருக்கா சோஃபாவும் மண்மூட்டையும் ஏத்திறவை ஹோம் டிப்போவில ஒரு மணித்தியாலத்துக்கு எடுக்கலாம். கதிரின்ர நண்பருக்கு அது காணும். டீசலும் வேண்டாம், லிஃப்ட் கிட்டும் வேண்டாம்.

#22 கேட்டி_கதிர்

அவர்கிட்ட சொன்னேன். "ஹோம் டிப்போ ட்ரக்ல பக்கத்துல பெரிய எழுத்துல விளம்பரம் இருக்குமே"ங்கறார். நேத்து டெபாசிட் கட்டிட்டார். கராஜ் அளந்தீங்களான்னு கேட்டதுக்குப் பதில் இல்ல.

துரை அண்ணே, உங்களைப் பொறுத்தவரை நான் வாயை மூடிக்கறேன். நீங்க நிஜமாவே இழுக்கறீங்க. ஆனா தயவு செஞ்சு ட்ரைவ்வேயில சைட்வாக்கை விட்டு நிறுத்துங்க.

#23 ட்ரெய்லர்_துரை

என் வீட்டு ட்ரைவ்வே நீளம், வந்து பாத்துக்கங்க. ட்ரக்கை விக்கறதா இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். முருகு சார், அந்த 13 சதவீதம் உங்க ஊகம்தானே? சரியா எப்படித் தெரிஞ்சுக்கறது?

#24 எண்ணெய்வயல்_முருகு

லாரிக்காரங்க நிறுத்தற ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு எடைமேடை இருக்கும். கொஞ்ச டாலர்தான். முன் ஆக்சிள் ஒரு பலகை, பின் ஆக்சிள் ஒரு பலகை, ட்ரெய்லர் ஒரு பலகைன்னு நிறுத்துங்க, மூணும் தனித்தனியா அச்சடிச்சுக் கொடுப்பான். அப்புறம் ட்ரெய்லரைக் கழட்டிட்டு ட்ரக்கை மட்டும் மறுபடி எடை போடுங்க. ரெண்டு சீட்டுலயும் ட்ரக்கோட ரெண்டு ஆக்சிள் எடையைக் கூட்டிக் கழிச்சா ட்ரெய்லர் உங்க ட்ரக் மேல எவ்வளவு ஏத்துதுன்னு வந்துடும்.

காலி வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க. கார்னர் பார்க்குக்குக் கிளம்பற அன்னைக்கு, டேங்க் ஃபுல்லா, தண்ணி ஏத்தி, பசங்களையும் நாயையும் உள்ள உக்கார வெச்சுப் போடுங்க. சீட்டைப் படம் எடுத்து இங்க போட்டா பாத்துச் சொல்றேன்.